பங்கு பிரியும், பொறுப்பு பிரியாது

சின்னாளப்பட்டியில் நான் பிறந்த தெருவில் விடியும் முன்பே பாவு போட்டுவிடுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூலை நீட்டி, இரு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் நீவி முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியமில்லை. ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து நிற்கும். இன்று எங்கள் வீட்டுப் பாவு என்றால் நாளை எதிர்வீட்டுப் பாவு. சின்னப் பையனாக நான் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அப்பா சொல்வார்: "மாமா புடிச்சிருப்பாருன்னு நீ கையை விடாதடா. அவரும் அப்படி நெனச்சா இழை அறுந்துரும்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் பல வங்கிகள் சேர்ந்து கொடுக்கும் பெரிய கடன்களோடுதான் கழிந்தது.

இப்போது ஊரில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன தெருக்களின் பிள்ளைகள் காந்திகிராமத்திலும் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் பி.காம்., எம்.பி.ஏ. முடித்து, சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களுக்குப் போகிறார்கள். போன பொங்கலுக்கு வந்த ஒரு பெண் சொன்னாள்: "பெரியப்பா, நான் லோன் ஆபரேஷன்ஸ்ல இருக்கேன். லண்டன் கம்பெனிக்குப் பதினெட்டு பேங்க் சேந்து குடுத்த லோன். நோட்டீஸ் வந்தா சிஸ்டத்துல ஏத்துவேன்." "எதுக்கும்மா பதினெட்டு பேங்க்?" என்று கேட்டேன். "அது தெரியாது பெரியப்பா" என்றாள்.

அவளுக்கும், அவளைப் போல இந்த வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

1. ஏன் பல வங்கிகள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு வங்கி தன் மூலதனத்தை ஒரே ஆளின் கையில் கொடுக்கக் கூடாது. நம் ரிசர்வ் வங்கி 2019 ஏப்ரல் முதல் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது: வங்கியின் முதல்நிலை மூலதனத்தில் ஒரு நிறுவனத்துக்கு 20 சதவீதம், ஒரே குழுமத்துக்கு 25 சதவீதம் என்பது பொதுவான உச்சவரம்பு. பெரிய தொகை கேட்பவருக்கு ஆகவே பல வங்கிகள் கூட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் நாம் பழகிய 'கன்சோர்டிய'த்தில் வங்கிகள் கூடிப் பேசிக்கொண்டாலும் அவரவர் கடனை அவரவர் தனித்தனியே கொடுத்து வசூலிப்பார்கள். 'சிண்டிகேட்' கடனில் ஒப்பந்தம் ஒன்றே. ஏற்பாட்டாளர் வங்கி கடனைத் திரட்டும். ஏஜென்ட் வங்கி பணத்தை வாங்கிப் பிரிக்கும். ஈட்டை ஒரு அறங்காவலர் எல்லார் சார்பிலும் வைத்திருப்பார்.

2023-ல் ரிலையன்சும் ஜியோவும் வெளிநாட்டு நாணயத்தில் 500 கோடி டாலர் திரட்டின. ரிலையன்சின் 300 கோடி டாலரில் மட்டும் 55 வங்கிகள் இருந்தன. அவற்றில் கிட்டத்தட்ட இரண்டு டஜன் தைவான் வங்கிகள் என்று அப்போது செய்தி வந்தது. ரிலையன்சின் ஜாம்நகர் ஆலையைப் பார்த்தேயிராத தைபே வங்கியின் சேமிப்புப் பணம் இங்கே வந்து சேருகிறது. உங்கள் திரையில் ஓடும் வரிக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மனதில் இருக்கட்டும்.

2. ஒப்பந்தத்தை விளக்கச் சொற்களிலிருந்து படியுங்கள்

நூற்றைம்பது, இருநூறு பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். முக்கால்வாசி அச்சு ஒன்றுதான். லண்டனில் 1996-ல் தொடங்கிய கடன் சந்தைச் சங்கமும், ஹாங்காங்கில் 1998-ல் தொடங்கிய ஆசிய பசிபிக் சங்கமும் மாதிரி ஒப்பந்தங்களை வகுத்து வைத்திருக்கின்றன. மாதிரியைப் பத்து முறை படித்துவிட்டால் பிறகு உங்கள் கையில் உள்ள ஒப்பந்தம் எங்கே மாறுகிறது என்பது மட்டும் கண்ணில் படும். அந்த மாற்றத்தில்தான் விஷயம் இருக்கும்.

முதல் அத்தியாயத்தில் வரும் விளக்கச் சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். 'வேலை நாள்' என்றால் எந்த ஊர் வேலை நாள்? நியூயார்க்கா, லண்டனா, மும்பையா, மூன்றுமா? 'பெரும்பான்மைக் கடன் கொடுத்தவர்கள்' என்றால் எத்தனை பங்கு? வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் வட்டியைக் குறைக்கவோ தவணையைத் தள்ளிவைக்கவோ எல்லா வங்கியும் ஒப்ப வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். இது தெரியாமல் ஒரு ஒப்புதல் கடிதத்தைச் செல்லும் என்று எடுத்துக்கொண்டால் பிறகு யாராலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

3. வட்டி எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

பர்மாவில் கடன் தொழில் செய்த நகரத்தார் அந்தக் காலத்தில் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி 'நடப்பு வட்டி'யை நிர்ணயித்தார்கள். தொழிலில் இருப்பவர்கள் கூடிப் பேசி, சந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு விகிதம். 1969-ல் லண்டனில் மினோஸ் சோம்பனாகிஸ் என்ற கிரேக்க வங்கியாளர் ஈரான் அரசுக்கு 8 கோடி டாலர் கூட்டுக்கடன் திரட்டியபோதும் அதே தேவை வந்தது. வங்கிகள் தங்களுக்குள் எந்த விகிதத்தில் வாங்குகின்றனவோ அதற்கு மேல் கொஞ்சம் என்று அவர் வைத்த முறையிலிருந்துதான் லைபார் வளர்ந்தது.

வங்கிகள் வாயால் சொல்லும் விகிதத்தை நம்பி உலகமே கணக்குப் போட்டது. சிலர் தங்கள் லாபத்துக்காகப் பொய் விகிதம் சொன்னார்கள். 2012-ல் அது வெளிவந்தது. பார்க்லேஸ் முதலில் அபராதம் கட்டியது, மற்றவை தொடர்ந்தன. 2023 ஜூன் 30-ஓடு டாலர் லைபார் வழக்கத்திலிருந்து போனது. இப்போது டாலர் கடனுக்கு சோஃபர். அமெரிக்க அரசுப் பத்திரத்தை ஈடு வைத்து ஓரிரவுக்கு உண்மையிலேயே நடந்த கடன்களின் விகிதம் அது. 2018 ஏப்ரல் முதல் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வெளியிடுகிறது. பவுண்டுக்கு சோனியா, சிங்கப்பூர் டாலருக்கு சோரா.

உங்கள் வேலையில் இதனால் என்ன மாறியது? லைபாரில் வட்டிக்காலத்தின் முதல் நாளே தொகை தெரிந்துவிடும். ஓரிரவு சோஃபரைக் கூட்டிக்கொண்டே போகும் முறையில் கடைசியில்தான் தெரியும். ஒப்பந்தத்தில் எந்த முறை, எத்தனை நாள் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொரு கடனுக்கும் தனியாகப் பாருங்கள். நாள் கணக்கையும் பாருங்கள். 10 கோடி டாலருக்கு 5 சதவீதத்தில் 90 நாள் வட்டி, 360 நாளால் வகுத்தால் 12,50,000 டாலர். 365-ஆல் வகுத்தால் 12,32,877. டாலருக்கு 360, பவுண்டுக்கு 365 என்பது வழக்கம். அதை மறந்தால் ஒரே தவணையில் பதினேழாயிரம் டாலர் எங்கேயோ நிற்கும்.

4. 'செக்கர்' பார்ப்பார் என்று 'மேக்கர்' கையை விடாதீர்கள்

இந்தப் பட்டியலில் நீங்கள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2020 ஆகஸ்ட் 11. அமெரிக்க அழகுசாதன நிறுவனமான ரெவ்லானுக்குப் பல நிதியங்கள் சேர்ந்து கொடுத்த கடனுக்கு சிட்டிபேங்க் ஏஜென்ட். அன்று எல்லாருக்கும் சேர வேண்டிய வட்டி சுமார் 78 லட்சம் டாலர். சில நிதியங்களின் பங்கைப் புதிய கடனுக்கு மாற்றும் ஏற்பாடும் அதே நாளில் இருந்தது. வங்கியின் மென்பொருளில் வட்டியை மட்டும் இப்படிப் பிரித்து அனுப்ப நேர்வழி இல்லை. முழுக் கடனையும் அடைப்பது போலப் பதிந்து, அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திரும்பும்படி செய்ய வேண்டும். அதற்கு மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். பதிந்தவர் ('மேக்கர்') ஒரே கட்டத்தில் குறியிட்டார். சரிபார்த்தவர் ('செக்கர்') அதைச் சரி என்றார். மூன்றாவதாக அமெரிக்காவில் இருந்த அதிகாரியும் ஒப்புதல் கொடுத்தார். முதல் இருவரும் இந்தியாவில் இருந்து வேலை பார்த்தவர்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள்.

கிட்டத்தட்ட 90 கோடி டாலர், வங்கியின் சொந்தப் பணம், நிதியங்களின் கணக்குகளுக்குப் போய்விட்டது. மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். சிலர் திருப்பினார்கள். சுமார் 50 கோடி டாலரைச் சிலர் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இடையில் ரெவ்லானே திவால் மனு போட்டுவிட்டது. இரண்டு வருட அலைச்சல்.

ஆறு கண் பார்த்தது. ஆறு கண்ணும் ஒன்றையே பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்த இடத்தில்தான் இழை அறுந்தது. அந்த இருவரை நான் பழிக்கவில்லை. மென்பொருளின் சிக்கலும் அதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் 'செக்கர்' நாற்காலியில் உட்காரும் நாளில், பதிந்த திரையை மட்டும் பார்க்காதீர்கள். ஏஜென்ட் நோட்டீசை எடுத்து, கால்குலேட்டரில் தனியாகப் போட்டு, வெளியே போகும் மொத்தத் தொகை என்ன என்று கேளுங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். உங்கள் கோப்பில் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்து உறுதி செய்யுங்கள்.

5. தலைமை வங்கியின் கண் உங்கள் கண் ஆகாது

இது என் சொந்தத் தவறு. தொண்ணூறுகளின் கடைசியில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு நாலு வங்கிகள் சேர்ந்து நடைமுறை மூலதனக் கடன் கொடுத்திருந்தோம். எங்கள் பங்கு மிகச் சிறியது. தலைமை வங்கி மாதாமாதம் சரக்கிருப்பு அறிக்கை அனுப்பும்; நான் அதைக் கோப்பில் வைத்துக் கடன் வரம்பைப் போட்டுவிடுவேன். திண்டுக்கல்லிலிருந்து அரை மணி நேரப் பயணம், நான் போகவில்லை. ஆலை தடுமாறிய பிறகு போய்க் கிடங்கைத் திறந்தோம். கதவுக்கு எதிரே நல்ல பஞ்சுப் பொதிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. இரண்டு வரிசையை இறக்கச் சொன்னேன். மூன்றாவது வரிசையிலிருந்து எல்லாம் கழிவுப் பஞ்சு. பொதியைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது தூசியும் விதைத் தோலும்தான் இருந்தது. நெசவு வீட்டில் பிறந்தவன் நான்; தொட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பங்கு சிறியதானால் அக்கறையும் சிறியதாகிவிடுகிறது. இது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஏபிஜி கப்பல் கட்டும் நிறுவனத்துக்கு 28 வங்கிகள் கொடுத்த கடன் 22,842 கோடி ரூபாய் மோசடியாயிற்று என்று சி.பி.ஐ. 2022 பிப்ரவரியில் வழக்குப் பதிந்தது. இருபத்தெட்டு வங்கிகளின் கடன் பிரிவுகள் அந்தக் கோப்பைப் பார்த்திருந்தன. 2025-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த திட்டக்கடன் விதிகள் இந்த நோய்க்குத்தான் மருந்து. கட்டுமானத்தில் உள்ள திட்டத்துக்கு எல்லா வங்கிக் கடனும் சேர்ந்து 1,500 கோடிக்குள் என்றால் எந்த வங்கியின் பங்கும் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் போனால் 5 சதவீதம் அல்லது 150 கோடி, எது அதிகமோ அது. கையில் கனம் இருந்தால்தான் கவனம் இருக்கும் என்று விதியே சொல்கிறது.

6. டாலர் கடனில் வட்டியை மட்டும் பார்க்காதீர்கள்

டாலர் வட்டி ரூபாய் வட்டியைவிடக் குறைவாக இருக்கும்போது எல்லாருக்கும் ஆசை வரும். 2013 மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய்ப் பக்கம் இருந்தது. ஆகஸ்ட் 28-ல் 68-ஐத் தாண்டியது. 1 கோடி டாலர் வாங்கியவருக்கு நாலே மாதத்தில் அசல் மட்டும் 54 கோடியிலிருந்து 68 கோடி. அத்தனை வருடம் மிச்சம் பிடித்த வட்டி அந்தப் பதினாலு கோடிக்கு எந்த மூலை?

நூல் ஏற்றுமதி செய்து டாலரில் சம்பாதிக்கும் ஆலைக்கு டாலர் கடன் பொருந்தும். உள்ளூரில் விற்று ரூபாய் பார்க்கும் ஆலைக்கு, முன்காப்பு எடுக்காவிட்டால் அது சூதாட்டம். வெளிநாட்டு வணிகக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் கடன் பதிவு எண் கிடைக்கும் முன் ஒரு டாலரும் எடுக்கக் கூடாது. அதன் பிறகு மாதந்தோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார். நீங்கள் அசையாதீர்கள்.

7. பணம் பொங்கும் காலத்தில் பயப்படுங்கள்

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அரபு நாடுகளின் டாலர் லண்டன், நியூயார்க் வங்கிகளில் குவிந்தது. அதை எங்காவது கொடுத்தாக வேண்டும். லத்தீன் அமெரிக்க அரசுகளுக்குக் கூட்டுக்கடனாக ஓடியது. பெரிய வங்கி போட்ட கையெழுத்தைப் பார்த்துச் சின்ன வங்கிகள் வரிசையில் நின்றன. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கையை விரித்தது. அந்தக் கடன்களில் பலவற்றைத் தள்ளுபடியோடு பத்திரங்களாக மாற்றும் பிரேடி திட்டம் வர 1989 ஆயிற்று.

நம்மவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. பர்மாவில் நகரத்தார் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தது நிலத்தை வாங்க அல்ல. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது நிலம்தான் மிஞ்சியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1938-ல் 25 சதவீதம் ஆனது. பிறகு அந்த நிலமும் போயிற்று. ஈடு இருக்கிறது என்று கடன் கொடுப்பவர் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இலங்கை 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, யாழ்ப்பாணத்துக் கடையில் பால்மாவுக்கு வரிசை நின்றது. நாடு வாங்கிய கடனின் தவணையைக் கடைசியில் அடுப்படி கட்டுகிறது.

இன்று அமெரிக்காவில் கடன்சுமை மிகுந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கூட்டுக்கடன்களில் பெரும்பகுதிக்குக் காலாண்டுதோறும் கணக்கைச் சோதிக்கும் நிபந்தனை இல்லை. கொடுப்பவர்களிடம் பணம் நிறைய. கேட்பவர் சொன்னதே சட்டம். நிபந்தனை என்பது நோய் முற்றும் முன் அடிக்கும் மணி. அந்த மணியைக் கழற்றிவிட்டுத் தூங்குவது நல்லதல்ல.

8. இடைக்காலக் கடனுக்கு அடுத்த கரை இருக்கிறதா என்று பாருங்கள்

2008-ல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்க 300 கோடி டாலர் இடைக்காலக் கடன் எடுத்தது. பங்கு விற்று, நீண்டகாலக் கடன் வாங்கி ஒரு வருடத்தில் அடைப்பது திட்டம். ஜூனில் வாங்கி முடித்தார்கள். செப்டம்பர் 15-ல் அமெரிக்காவின் லேமன் வங்கி வீழ்ந்தது. சந்தைகள் உறைந்தன. 2009-ல் ஒரு பகுதியை அடைத்து மீதிக்குத் தவணையை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நிறுவனம் பிறகு நிமிர்ந்துவிட்டது. பேர் பெரியது, வங்கிகள் பொறுத்தன. அத்தனை பெரிய பேர் இல்லாதவர் அந்த இடத்தில் என்ன ஆவார்? கடனை எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்ற கேள்விக்கு 'வேறு கடன்' என்று பதில் வந்தால், அது கிடைக்காத காலத்தையும் எழுதிக் கேளுங்கள்.

9. கடன் கை மாறும். யார் பணம் என்று பாருங்கள்

நான் சேர்ந்த காலத்தில் கொடுத்த கடனைக் கடைசித் தவணைவரை வங்கியே வைத்திருக்கும். இன்று உலகச் சந்தையில் கூட்டுக்கடன் பங்குகள் தினமும் விற்கின்றன. நம் நாட்டிலும் டி.என்.மனோகரன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2019-ல் இதற்கு வழி சொன்னது; 2020-ல் இரண்டாம்நிலைக் கடன் சந்தைச் சங்கம் உருவானது; 2021-ல் கடன் மாற்ற விதிகள் வந்தன. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நம் வங்கிகளே டாலரில் கொடுத்து வாங்குகின்றன. இன்னொரு பக்கம், வங்கிகளை விட்டு விலகி ஓய்வூதிய நிதிகளின் பணத்தை நேரடியாகக் கடன் கொடுக்கும் தனியார் கடன் நிதியங்கள் வளர்ந்துவிட்டன. 2023-ல் அவற்றின் அளவு 2.1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியதாகப் பன்னாட்டு நிதியம் கணித்தது.

இதில் உங்களுக்கு உள்ள அறிவுரை சிறியது. பங்கு கை மாறிய தேதியையும், அந்தத் தேதிவரை சேர்ந்த வட்டி யாருக்கு என்பதையும் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றுங்கள். நாளை ஆகட்டும் என்று விட்டால் அடுத்த தவணை தப்பான வீட்டுக்குப் போகும்.

10. பச்சை என்று எழுதியிருந்தால் தண்ணீரைக் கேளுங்கள்

2017-ல் பிலிப்ஸ் நிறுவனம் 16 வங்கிகளிடம் 100 கோடி யூரோ கடனை, தன் நிலைத்தன்மை மதிப்பெண்ணோடு வட்டியைக் கட்டி வாங்கியது. மதிப்பெண் உயர்ந்தால் வட்டி குறையும், விழுந்தால் ஏறும். 2019-ல் இத்தகைய கடன்களுக்குப் பொது நெறிகள் வந்தன. நல்ல யோசனை. ஆனால் எளிதாக எட்டும் இலக்கை வைத்து வட்டியைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று நாம் கண்ணால் கண்டவர்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழகத் தோல் ஆலைகள் மீது அபராதம் விதித்தபோது அந்தப் பட்டியலில் நம் மாவட்டமும் இருந்தது. அதனால் அறிக்கையின் பளபளப்பான அட்டையைப் பார்க்காதீர்கள். எத்தனை லிட்டர், எந்த மீட்டர், யார் அளந்தது என்று கேளுங்கள்.

11. கடன் கெட்டால் கூட்டத்தை விட்டு ஓடாதீர்கள்

கடன் தடுமாறத் தொடங்கியதும் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் வெளியேற ஒவ்வொரு வங்கிக்கும் ஆசை வரும். ஒருவர் ஓடினால் எல்லாரும் ஓடுவார்கள்; பிழைத்திருக்க வேண்டிய ஆலையும் மூடும். இதைத் தடுக்கத்தான் 2019 ஜூன் 7 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கடன் கொடுத்தவர்களுக்குள் ஒரு உடன்படிக்கை போட வைத்தது. மதிப்பில் 75 சதவீதமும் எண்ணிக்கையில் 60 சதவீதமும் ஒப்பினால் அது எல்லாரையும் கட்டும். திவால் சட்டத்தின் கீழ் போனால் கடன் கொடுத்தவர்கள் குழுவில் முக்கிய முடிவுகளுக்கு 66 சதவீதம்.

கூட்டத்துக்குப் போங்கள். கோப்பைப் படித்துவிட்டுப் போங்கள். மாறுபட்ட கருத்து இருந்தால் சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஆலையில் மூன்று ஷிப்டிலும் நம் கிராமத்துப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மேசையில் யாரும் அவர்கள் பேரைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

12. அம்மாவின் வைப்புநிதியை நினையுங்கள்

1937 பிப்ரவரி 10-ல் சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. வெளிநாட்டுக் கடன் தொழில் லண்டன்காரருக்கு மட்டும் சொந்தம் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள். இன்று நோட்டீசைப் பதிகிறவர், பத்து வருடத்தில் கடனை வடிவமைக்கிற இடத்துக்குப் போகலாம். ஆங்கிலம் தடையில்லை, கேள்வி கேட்காத பழக்கம்தான் தடை.

உங்கள் திரையில் ஓடும் கோடிகளில் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. தைபேயில் ஒரு கிழவரின் சேமிப்பு, லண்டனில் ஓர் ஆசிரியையின் ஓய்வூதியம், சின்னாளப்பட்டியில் தறி விற்று உங்கள் அம்மா போட்டு வைத்த வைப்புநிதி, இவைதான் சேர்ந்து ஓடுகின்றன. பதினெட்டு வங்கியில் உங்கள் பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒப்புதல் பொத்தானை அழுத்தும் முன் ஒரு முறை நீங்களே முழுதாகப் பாருங்கள். அடுத்த பொங்கலுக்கு வரும்போது ஏன் பதினெட்டு வங்கி என்று என்னிடம் சொல்லுங்கள். வாசலில் உட்கார்ந்து கேட்கக் காத்திருக்கிறேன்.